பெரட்டு எடுக்கிற வேலை இல்லை: அஜைல் கோச் பற்றி ஆரம்பத்திலிருந்து

கொழும்பில் ஐ.டி. கம்பனியில் வேலை செய்கிற ஒருவர் லீவுக்கு ஊருக்கு வந்தால், ஹட்டன், தலவாக்கலை பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: எந்த லேங்குவேஜ் படிக்க வேண்டும், எந்த கோர்ஸ் நல்லது, சம்பளம் எவ்வளவு வரும். கோட் எழுதுகிறவர்களைத் தவிர அங்கே வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பது இப்போதுதான் மெதுவாகத் தெரியவந்திருக்கிறது, அதுவும் மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் செய்கிறவர், வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதும் பிஸ்னஸ் அனலிஸ்ட் என்ற அளவுக்கு. லிங்க்ட்இன்னில் அஜைல் கோச், ஸ்க்ரம் மாஸ்டர், அஜைல் ட்ரெய்னர் என்றெல்லாம் பார்த்தால், இவர்கள் என்னதான் செய்கிறார்கள், இவர்கள் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை. அந்தக் கம்பனிகளுக்குள்ளேயே பலருக்குத் தெரியாது என்பது வேறு கதை.

அதனால் ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வது மாதிரி சொல்கிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கோச்சுக்கு முன்னால் அஜைல், அதாவது மென்பொருள் செய்யும் ஒரு முறை. ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். கம்பளைப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கி ஃபெக்டரிக்கு ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவர் இருக்கிறார். இன்றைக்கு யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள், தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று எவ்வளவு கழித்தார், யார் முற்பணம் வாங்கியிருக்கிறார்கள், மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு போக வேண்டும், எல்லாம் ஒரு கொப்பியில்தான், அதுவும் மழையில் நனைந்து காய்ந்த கொப்பி. ஃபெக்டரி ஒரு மென்பொருள் கம்பனியிடம் போய் இதற்கு ஒரு போன் ஆப் செய்து தாருங்கள் என்கிறது.

பழைய முறை என்றால் இப்படி நடக்கும். கம்பனியிலிருந்து இரண்டு பேர் வந்து ஃபெக்டரி முகாமையாளரிடம் பேசுவார்கள், அவரிடம் மட்டும். என்னென்ன வேண்டும் என்று ஒரு பெரிய ஆவணம் எழுதி அதில் கையெழுத்து வாங்குவார்கள். அதற்குப் பிறகு வடிவமைப்பு, பிறகு கோட், பிறகு டெஸ்டிங். ஒன்று முழுதாக முடிந்தால்தான் அடுத்தது. ஒரு வருஷம் கழித்து ஆப் லொறிக்காரர் கைக்கு வரும். அவர் கொழுந்து எடுக்கிற மலைகளில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது, ஆப்போ இன்டர்நெட் இல்லாமல் திறக்காது என்பது அப்போதுதான் தெரியும். திரை முழுக்க ஆங்கிலம், அவர் வாசிப்பது சிங்களமும் தமிழும். தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிக்கிற கழிவைப் பதிய ஒரு இடமே இல்லை, ஏனென்றால் முகாமையாளர் அதைப் பற்றிச் சொல்லவில்லை, சொல்ல அவருக்கு விருப்பமும் இருந்திருக்காது. ஒரு வருஷக் காசும் உழைப்பும் போனது போனதுதான். யாரையும் பிடித்துக் கேட்கவும் முடியாது, கையெழுத்துப் போட்ட ஆவணத்தில் இருந்ததைத்தான் செய்திருக்கிறார்கள்.

இந்த வரிசை முறைக்கு வாட்டர்ஃபோல் என்று பெயர். இதைப் படம் போட்டுக் காட்டியவர் என்று எல்லோரும் கைகாட்டுகிற வின்ஸ்டன் ரொய்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள்காரர், 1970 இல் அந்தப் படத்தைப் போட்ட கட்டுரையிலேயே, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில் போய் முடியும் என்று எழுதியிருந்தார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது.

அஜைல் முறையில் அதே ஆப்பைச் செய்தால், முதல் இரண்டு கிழமையில் செய்வது மிகக் கொஞ்சம்: பெயரைத் தட்டு, கிலோவைப் போடு, சேமி. அவ்வளவுதான். அந்த அரைகுறையைத் தூக்கிக்கொண்டு டீமிலிருந்து ஒருவர் லொறியில் ஏறி ஒரு நாள் முழுக்கச் சுற்றி வருவார். சிக்னல் பிரச்சினை அன்றைக்கே தெரிந்துவிடும். கழிவு விஷயம் அன்றைக்கே காதில் விழும், ஆப்பில் அதைக் காட்டுவதா மறைப்பதா என்று ஃபெக்டரியும் தோட்டக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதும் சேர்த்து. அடுத்த இரண்டு கிழமைக்கு என்ன செய்வது என்று அதை வைத்து முடிவெடுப்பார்கள். தவறு நடக்காது என்று யாரும் சொல்லவில்லை, நடந்தால் இரண்டு கிழமை உழைப்போடு போகும், ஒரு வருஷம் போகாது.

இப்படி வேலை செய்ய விரும்பிய 17 பேர் 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் கூடி ஒரு பக்கத்தில் அடங்கக்கூடிய ஒரு பிரகடனத்தை எழுதினார்கள். கென்ட் பெக், மார்ட்டின் ஃபவுலர், கென் ஷ்வாபர், ஜெஃப் சதர்லண்ட் எல்லாம் அதில் இருந்தவர்கள். நான்கு விஷயம் சொன்னார்கள். நடைமுறைகளையும் கருவிகளையும் விட ஆட்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம். கட்டுக்கட்டாக ஆவணத்தை விட ஓடுகிற மென்பொருள் முக்கியம். ஒப்பந்தத்தில் மல்லுக்கட்டுவதை விட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது முக்கியம். போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை விட மாற்றத்துக்கு ஏற்றபடி நடப்பது முக்கியம். இவற்றோடு 12 கொள்கைகளும் உண்டு. ஆவணமே வேண்டாம், திட்டமே வேண்டாம் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை, அவற்றுக்கும் மதிப்பு இருக்கிறது என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். "நாங்க அஜைல், அதனால எதையும் எழுதி வைக்கிறதில்லை" என்று சொல்கிற டீமைப் பார்த்தால் அவர்கள் அந்த ஒரு பக்கத்தைக் கூட வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பிரகடனம் எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. அதற்கு வேறு சட்டகங்கள் இருக்கின்றன, அதிகம் பழக்கத்தில் இருப்பது ஸ்க்ரம். ஷ்வாபரும் சதர்லண்டும் 1995 இல் முன்வைத்தது, அதாவது பிரகடனத்துக்கும் முந்தியது. அதன் வழிகாட்டியை 2010 இல் முதலில் வெளியிட்டார்கள், இப்போது வாசிக்க வேண்டியது 2020 பதிப்பு, இலவசம், சின்னது, ஒரு மாலையில் முடித்துவிடலாம். அதன்படி டீம் பத்துப் பேர் அல்லது அதற்குள். எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்க ஒரு புரொடக்ட் ஓனர், முறை ஒழுங்காக நடக்க ஒரு ஸ்க்ரம் மாஸ்டர், செய்து முடிக்க டெவலப்பர்கள். ஒரு மாதமோ அதற்குக் குறைவோ நீளமுள்ள வேலைச் சுற்று, அதற்கு ஸ்ப்ரின்ட் என்று பெயர். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டு கிழமை. ஆரம்பத்தில் திட்டமிடல், தினமும் 15 நிமிஷத்துக்கு மேல் போகாத டெய்லி ஸ்க்ரம், முடிவில் செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ரிவ்யூ, அப்புறம் நாம் வேலை செய்த விதத்தையே திருப்பிப் பார்க்கும் ரெட்ரோஸ்பெக்டிவ். சுருக்கமாக ரெட்ரோ என்பார்கள். இதோடு கான்பான் என்று இன்னொன்றும் உண்டு, டொயோட்டாவில் தைச்சி ஓனோ வளர்த்த உற்பத்தி முறையில் வேர் கொண்டது. வேலைகளை ஒரு போர்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வைத்து, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது.

இவ்வளவுதான் விதிகள். ஒரு நாளில் படித்துவிடலாம். அப்படியானால் கோச் எதற்கு?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். காலையில் ஆட்கள் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளையோ ஃபீல்ட் ஒபிசரோ வந்து இன்றைக்கு எந்த மலை, யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு என்று பிரித்துவிடுவார். பிந்திப் போனால் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். டெய்லி ஸ்க்ரமை வெளியில் இருந்து பார்த்தால் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும், காலையில் எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள், வேலையைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, கால் மணி நேரத்தில் கலைகிறார்கள். பெரட்டில் பேசுகிறவர் ஒருவர், தலையாட்டுகிறவர்கள் மற்ற எல்லோரும். டெய்லி ஸ்க்ரமில் வேலை பிரித்துக் கொடுக்க ஆளே கிடையாது. டெவலப்பர்களே தங்களுக்குள் பேசி, ஸ்ப்ரின்ட்டின் குறிக்கோளுக்கு இன்றைக்கு எப்படிப் போவது என்று திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் நம் நாட்டில் பல டீம்களில் நடப்பது பெரட்டுதான். டெக் லீட், அதாவது டீமின் மூத்த தொழில்நுட்ப ஆள், நடுவில் நிற்பார், ஒவ்வொருவரும் அவர் முகத்தைப் பார்த்து "நேத்து இதை செஞ்சேன் சேர், இன்னைக்கு இதை செய்றேன் சேர், பிரச்சினை ஒன்னும் இல்ல சேர்" என்பார்கள். பிரச்சினை இல்லை என்று பத்து நாள் சொன்னவர் பதினோராவது நாள் வேலை முடியவில்லை என்பார்.

கூட்டங்கள் எல்லாம் சரியாக நடக்கும், பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் கெட்ட செய்தி மட்டும் மேலே வராது. அஜைல் என்ற முறையே கெட்ட செய்தி சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் திருத்தலாம் என்ற ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது. ஆட்கள் வாயைத் திறக்காத இடத்தில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும், இரண்டு கிழமை ஸ்ப்ரின்ட் என்பது அவசரமான வாட்டர்ஃபோலாகிவிடும். கோச்சுடைய நிபுணத்துவம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது குறைந்தபட்சத் தகுதி. உத்தரவு கேட்டே பழகிய ஒரு டீமை, தன் வேலையைத் தானே பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்லி, தானே முடிவெடுக்கிற இடத்துக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டமான பகுதி.

ஸ்க்ரம் மாஸ்டரும் இதைத்தானே செய்ய வேண்டும் என்று கேட்டால், ஆமாம். வித்தியாசம் பெரும்பாலும் எல்லையில்தான். ஸ்க்ரம் மாஸ்டர் ஒரு டீமுக்குள், சில நேரம் இரண்டு டீமுக்குள் இருப்பார். கோச் பல டீம்களையும் அந்த ஸ்க்ரம் மாஸ்டர்களையும் மேலே இருக்கும் முகாமையாளர்களையும் சேர்த்துப் பார்ப்பார், ஏனென்றால் டீமின் பிரச்சினை பாதி நேரம் டீமுக்கு வெளியில் இருக்கும். ட்ரெய்னர் வகுப்பு எடுத்துவிட்டுப் போய்விடுவார், கோச் வகுப்பு முடிந்த பிறகும் இருப்பார். ஒரே ஆள் மூன்றையும் செய்வதும் உண்டு, கொழும்பில் சின்னக் கம்பனிகளில் அதுதான் வழக்கம்.

ஒரு சின்ன உரையாடலைப் பாருங்கள். மூத்தவர் கோச், இளையவர் டெஸ்டிங் செய்கிறவர்.

"அக்கா, இந்த ஸ்ப்ரின்ட்லயும் டெஸ்டிங் முடியாது போல."

"முடியாதுன்னு எப்ப தெரிஞ்சுச்சு தம்பி?"

"திங்கக்கிழமையே தெரியும்."

"திங்கக்கிழமை டீம்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லக்கா. சொன்னா நான்தான் லேட்டுன்னு ஆயிரும்."

"சரி. உங்க பேர் வராம, வேலையோட நிலைமை மட்டும் தெரியுற மாதிரி சொல்ல ஒரு வழி இருந்தா அது எப்படி இருக்கும்?"

கவனித்தீர்களா, கோச் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. "இனிமேல் திங்கக்கிழமையே சொல்லுங்க" என்று சொல்லியிருந்தால் பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும், தம்பியும் சரிக்கா என்று போயிருப்பார், அடுத்த ஸ்ப்ரின்ட்டிலும் அதேதான் நடந்திருக்கும். கேள்வி கேட்டதால் டெஸ்டிங் என்று ஆரம்பித்தது பயம் என்று வெளியே வந்தது. இதற்குப் பிறகு போர்டைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியலாம்: ஐந்து பேர் டீமில் பதினோரு வேலை "நடந்துகொண்டிருக்கிறது" என்ற பகுதியில் கிடக்கும், கோட் எழுதுகிறவர்கள் ஒன்றை முடிக்காமல் அடுத்ததை எடுத்திருப்பார்கள், எல்லாம் கடைசி மூன்று நாளில் இந்தத் தம்பி தலையில் வந்து விழுந்திருக்கும். அவர் லேட் இல்லை, வேலை வருகிற விதம் அப்படி. அதைக் கோச் சொல்லத் தேவையில்லை, எல்லோரையும் போர்டுக்கு முன்னால் நிறுத்தி, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டுவிட்டு அமைதியாக நின்றாலே போதும். அமைதியாக நிற்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். பதில் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போல் கஷ்டம் வேறில்லை.

அதற்காக எப்போதும் கேள்வியே கேட்டுக்கொண்டிருந்தால் ஆட்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். லிசா அட்கின்ஸ், மைக்கேல் ஸ்பேட் இருவரும் 2011 இல் அஜைல் கோச்சுக்கு வேண்டிய திறன்களை ஒரு சட்டகமாக வகுத்தார்கள், இன்றும் பலர் அதைத்தான் பாவிக்கிறார்கள். அதன் நடுவில் நான்கு இருக்கின்றன: கற்பிப்பது, அனுபவத்திலிருந்து வழிகாட்டுவது, கேள்வியால் சிந்திக்க வைப்பது, பலர் கூடி முடிவெடுக்கும் பேச்சை நடத்திக்கொடுப்பது. நம் உதாரணத்திலேயே பொருத்திப் பாருங்கள். வேலைக்கு வரம்பு போடலாம் என்ற விஷயமே டீமுக்குத் தெரியாதென்றால் கற்பிக்க வேண்டியதுதான், தெரியாததைக் கேள்வி கேட்டு வரவழைக்க முடியாது. புதிதாக வந்த ஸ்க்ரம் மாஸ்டர் தடுமாறினால் நான் இப்படிச் செய்து பார்த்தேன் என்று சொல்லலாம். தெரிந்தும் செய்யத் தயங்குகிறவரிடம்தான் மேலே பார்த்த மாதிரிக் கேள்விகள். கோட் எழுதுகிறவர்களும் டெஸ்டிங் செய்கிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றால் எந்தப் பக்கமும் சாயாமல் பேச்சை நடத்திக்கொடுக்க வேண்டும். எந்த நேரத்துக்கு எது என்று கண்டுபிடிப்பது வருஷக்கணக்கில் வருகிற பழக்கம். இவை தவிர தொழில்நுட்பம், வியாபாரம், நிறுவன மாற்றம் என்று மூன்று பக்கத்தில் ஏதாவது ஒன்றிலாவது ஆழமான அறிவு இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டகம் சொல்கிறது. இதை மட்டும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பேசாதவர்களைப் பேச வைப்பது

இதை மலையகத்துப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். கொழும்பு டீம்களில் கூட்டம் ஆங்கிலத்தில் என்பார்கள், பகிடி சிங்களத்தில் ஓடும், தோட்டப் பாடசாலையிலிருந்து தமிழில் படித்து வந்த பிள்ளை மூலையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியாமல் இல்லை, மனதுக்குள் வசனத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். அதோடு மூத்தவர் சொன்னதற்கு மேல் பேசக்கூடாது என்ற வளர்ப்பு வேறு. டீம் அந்த ஒரு மூளையை இழந்துகொண்டே இருக்கிறது, சம்பளம் மட்டும் கொடுக்கிறது.

நல்ல கோச் இதற்கு "எல்லாரும் தைரியமா பேசுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார், கூட்டத்தின் அமைப்பையே மாற்றுவார். ரெட்ரோவில் முதல் ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, எல்லோரும் ஒட்டுத்தாளில் எழுத வேண்டும், எந்த மொழியில் எழுதினாலும் சரி. பிறகு இரண்டு இரண்டு பேராகப் பேசிவிட்டுத்தான் மொத்தக் கூட்டத்துக்கும் சொல்வது. வேலையின் அளவை மதிப்பிடும்போது ப்ளானிங் போக்கர் என்று ஒன்று உண்டு, 2002 இல் ஜேம்ஸ் கிரெனிங் கொண்டுவந்தது: ஒவ்வொருவர் கையிலும் எண் அட்டைகள், எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். முதலில் லீட் 3 என்று சொல்லிவிட்டால் மற்றவர்களும் 3 என்பார்கள், ஒரே நேரத்தில் காட்டினால் அந்த வித்தை நடக்காது. ஆறு பேர் 3 காட்டும்போது அந்த மூலைப் பிள்ளை 13 காட்டினால், ஏன் 13 என்று கேட்டே ஆக வேண்டும். அவர் மட்டும்தான் லொறியில் போய்ப் பார்த்தவராக இருக்கலாம், மலையில் சிக்னல் இல்லாததால் தரவை போனில் வைத்திருந்து பிறகு அனுப்ப வேண்டும், அது லேசான வேலை இல்லை என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

மேலே இருப்பவர்களோடு பேசுவது அடுத்த பாதி. ஒரு டீம் ஒரு ஸ்ப்ரின்ட்டில் எத்தனை புள்ளி வேலை முடிக்கிறது (புள்ளி என்பது அட்டையில் காட்டி முடிவான அந்த எண்) என்ற கணக்கை வைத்து "அந்த டீம் 40, நீங்க மட்டும் ஏன் 25" என்று கேட்கிற முகாமையாளர் எல்லா இடத்திலும் இருப்பார். அந்தப் புள்ளிகள் ஒரு டீம் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் உத்தேச அளவு, இரண்டு டீமை ஒப்பிட உதவாது. ஒப்பிட ஆரம்பித்தால் அடுத்த மாதமே எல்லா டீமும் 50 காட்டும், வேலை கூடியிருக்காது, புள்ளிதான் வீங்கியிருக்கும். இதை முகாமையாளருக்கு அவர் மனம் நோகாமல், ஆனால் உள்ளதை விட்டுக்கொடுக்காமல் சொல்லத் தெரியாதவர் கோச்சாக இருந்து பிரயோசனம் இல்லை.

நம் நாட்டு உதாரணம் ஒன்றும் சொல்லலாம். 2022 இல் பகுதிக்கு ஒரு எழுத்து வைத்து மின்வெட்டு அட்டவணை போட்ட காலம் ஞாபகம் இருக்கும், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேயும் கரண்ட் போனது. அப்போது டீம்களில் பலர் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள், ஒருவர் பண்டாரவளையில், ஒருவர் வத்தளையில், ஒருவர் கண்டியில், ஆளுக்கொரு நேரத்தில் இருட்டு. காலையில் லீட் ஒருவர் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற டீமில் அவர் வீட்டில் கரண்ட் போனால் எல்லோருக்கும் வேலை நின்றது. தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளப் பழகிய டீம், யாருக்கு எப்போது வெளிச்சம் என்று பார்த்து அன்றைய வேலையைத் தானே அடுக்கிக்கொண்டது. திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை விட மாற்றத்துக்கு ஏற்றபடி நடப்பது முக்கியம் என்று ஸ்னோபேர்டில் எழுதியதற்கு இதை விட வேறு விளக்கம் நம் ஆட்களுக்குத் தேவையில்லை.

ட்ரெய்னர் பக்கம்

ட்ரெய்னிங் என்றால் ஸ்லைட் போட்டு வாசிப்பது என்று நினைக்கிறவர்கள் அதிகம். இந்தத் துறையில் நல்ல ட்ரெய்னர்கள் ஆட்களை எழுப்பி ஏதாவது செய்ய வைப்பார்கள், செய்த பிறகு அதைப் பற்றிப் பேச வைப்பார்கள். நாணய விளையாட்டு இதில் பிரபலம், நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். நான்கு பேர் வரிசையாக உட்காருங்கள், 20 நாணயம், எங்கள் ஐந்து ரூபாய்க் குற்றி போதும். முதல் சுற்றில் முதலாமவர் 20 நாணயத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுவிட்டு மொத்தமாக அடுத்தவரிடம் தள்ள வேண்டும், அவர் இருபதையும் திருப்பிவிட்டு மூன்றாமவருக்கு. நான்காமவர் முடிக்க எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்கள். இரண்டாவது சுற்றில் ஐந்து ஐந்தாகத் தள்ளுங்கள். மூன்றாவதில் ஒவ்வொன்றாக, திருப்பினவுடன் அடுத்தவருக்கு. மொத்த நேரம் சுற்றுக்குச் சுற்று நன்றாகக் குறையும். தனித்தனியே ஒருவர் எடுத்துக்கொள்கிற நேரத்தைப் பார்த்தால் கடைசிச் சுற்றில் அது கூடியிருக்கும், அதாவது ஒவ்வொரு ஆளும் மெதுவாகிறார், வேலை சீக்கிரம் முடிகிறது. ஆட்களை எந்நேரமும் வேகமாக ஓட வைத்தால் வேலை வேகமாக முடியும் என்று நம்புகிற முகாமையாளர் இந்த ஒரு விளையாட்டில் கொஞ்சம் யோசிக்க ஆரம்பிப்பார், ஒரு மணி நேர ஸ்லைடில் யோசிக்க மாட்டார்.

மலையகத்தில் ஆசிரியத் தொழில் படித்தவர்கள் ஏராளம், பத்தனை கல்வியியல் கல்லூரியில் படித்துவிட்டு வகுப்பறையில் நிற்கிறவர்கள் உட்பட. குழுச் செயற்பாடு நடத்துவது, நேரத்தைப் பிடிப்பது, பின்வரிசையில் இருப்பவரை உள்ளே இழுப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு ட்ரெய்னர் வேலையில் பாதி ஏற்கனவே தெரியும். மறுபாதி மென்பொருள் டீமுக்குள் இருந்துதான் வர வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

எப்படி அந்த இடத்துக்குப் போவது

இது முதல் வேலையாகச் சேரக்கூடிய வேலை இல்லை. பேராதனையோ ஊவா வெல்லஸ்ஸவோ உயர் தேசிய டிப்ளோமாவோ, எங்கே படித்தாலும் முதலில் டெவலப்பராக, டெஸ்டராக, பிஸ்னஸ் அனலிஸ்டாக ஒரு டீமுக்குள் சில வருஷம் இருக்க வேண்டும். டெட்லைன் நெருங்கும்போது வயிறு எப்படிப் பிசையும் என்று தெரியாதவர் சொல்வதை எந்த டீமும் கேட்காது. அதற்குப் பிறகு ஸ்க்ரம் மாஸ்டர், முதலில் பகுதி நேரமாகத்தான் கிடைக்கும், யாரும் செய்ய விரும்பாத ரெட்ரோவை நான் நடத்துகிறேன் என்று கை தூக்கினால் போதும், அப்படித்தான் பலர் ஆரம்பித்திருக்கிறார்கள். பல டீம்களைப் பார்த்த பிறகு கோச்.

சான்றிதழ் விஷயத்தில் கவனமாக இருங்கள், ஏனென்றால் இங்கே காசு நிறைய ஓடுகிறது. ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பின் சி.எஸ்.எம். (சர்டிஃபைட் ஸ்க்ரம் மாஸ்டர்) சான்றிதழுக்கு அங்கீகாரம் பெற்ற ட்ரெய்னரின் வகுப்பில் கட்டாயம் உட்கார வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை காசு கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். ஷ்வாபர் 2009 இல் ஆரம்பித்த ஸ்க்ரம் டொட் ஓர்க் என்ற அமைப்பின் பி.எஸ்.எம். 1 (ப்ரொஃபெஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) சான்றிதழுக்கு வகுப்பு கட்டாயம் இல்லை, 60 நிமிஷத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுத்தால் பாஸ், காலாவதி கிடையாது. அதற்கு முன்னால் செய்து பார்க்க அவர்களின் தளத்தில் இலவசப் பயிற்சித் தேர்வும் இருக்கிறது. கையில் காசு குறைந்த, தானே படிக்கக்கூடிய மலையகப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பேன். கட்டணம் இரண்டுக்கும் டொலரில் என்பதால் நம் ரூபாயில் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள், முடிந்தால் கம்பனி கட்டும் வரை பொறுங்கள், பல கம்பனிகள் கட்டும். கோச்சிங் என்ற திறனையே தனியாகக் கற்க விரும்பினால் சர்வதேசக் கோச்சிங் சம்மேளனமான ஐ.சி.எஃப். இருக்கிறது, அதன் ஆரம்பச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரம் உண்மையாகக் கோச்சிங் செய்த அனுபவமும் கேட்பார்கள். இரண்டு நாள் வகுப்புக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அஜைல் கோச் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டும் கொண்டார்கள், அதன் விளைவும் வந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கெப்பிட்டல் வன் வங்கி அஜைல் பிரிவில் இருந்த 1,100க்கு மேற்பட்ட பதவிகளை ஒரேயடியாக நீக்கியது, அந்தப் பொறுப்புகளைப் பொறியியலாளர்களும் புரொடக்ட் முகாமையாளர்களுமே இனிப் பார்ப்பார்கள் என்று சொன்னது. அதனால் இந்தத் தொழில் செத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை, கூட்டத்துக்கு நேரம் குறித்து அழைப்பு அனுப்புவதை மட்டும் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கஷ்டகாலம், அவ்வளவுதான். கோட்டோ டெஸ்டிங்கோ தரவோ, ஏதோ ஒரு கைத்தொழிலை விடாமல் வைத்திருக்கிற கோச்சுக்குப் பயம் குறைவு.

இன்டர்வியூ பற்றி ஒன்று. விஷயம் தெரிந்தவர்கள் ஸ்க்ரமின் நிகழ்வுகளைச் சொல்லுங்கள் என்று கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார்கள். ஒத்துழைக்காத ஒரு டீமை எப்படிக் கையாண்டீர்கள், நீங்கள் நடத்திய ரெட்ரோவுக்குப் பிறகு உண்மையில் என்ன மாறியது, உங்கள் பேச்சைக் கேட்காத முகாமையாளரிடம் என்ன சொன்னீர்கள் என்றுதான் கேட்பார்கள். அந்த நேரத்தில் யோசித்தால் ஒன்றும் வராது. அதனால் இப்போதே, நீங்கள் டெஸ்டராகவோ டெவலப்பராகவோ இருக்கும்போதே, ஸ்ப்ரின்ட் முடிகிற ஒவ்வொரு தடவையும் டீமில் எது மாறியது, ஏன் மாறியது, எது மாறாமல் அப்படியே கிடக்கிறது என்று நாலு வரி எழுதி வையுங்கள், தமிழிலேயே எழுதலாம். ஆட்களின் பெயரை மட்டும் அதில் போடாதீர்கள். ரெட்ரோவில் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் பேசியிருப்பார்கள்.